குளிர் ஜுரம் என்று எழுதிய கடிதம்

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்து, ஈசன் புண்ணியத்தில் என் காலாலேயே நடந்து வீடு வந்தவன் நான். அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் யாரையாவது தர்மபுரிக்குப் போய்க் காட்டச் சொன்னால், முதலில் என்னிடம்தான் வந்து விசாரிக்கிறார்கள். ஊசி வலிக்குமா, சோறு அவர்களே போடுவார்களா, கூட ஆள் தங்கலாமா என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி வலிக்கும். சோறு போட மாட்டார்கள். கூட ஆள் தங்கலாம். இவ்வளவுதான் என்றால் அரைத்தாள் போதும். ஆனால் அங்கே நான் டாக்டரிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யாலேயே சாகப் பார்த்தேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

பட்டாளத்தை விட்டு வந்த அடுத்த மாசி மாதம். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே எங்கள் காட்டில் துவரை வெட்டிக்கொண்டிருந்தோம். சாயங்காலமானால் எனக்குக் குளிர் எடுக்கும். பிறகு ஜுரம். விடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, வேட்டியைப் பிழியலாம். வலது விலாவுக்கு அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனம். வலது தோளிலும் வலி. மூட்டை தூக்கியதால் இருக்கும் என்று என் மனைவி ராசம்மா வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டாள். பத்து நாளில் வயிற்றுப் பக்கம் கை வைக்க விடாமல் ஆனேன். வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் படுக்கப் போட்டு, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்தாள். பாதையில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் என் விலாவுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். முறை வர மத்தியானம் ஆயிற்று. டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர்.

"பட்டாளத்தில் இருந்தாயாமே? பர்மாவா?"

"இல்லீங்க ஐயா. கப்பல்ல மேற்கால கூட்டிப் போனாங்க. கிரேக்க தேசமுங்க."

"அங்கேயும் கொசு உண்டு" என்றார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். மலேரியாப் பூச்சி ரத்தத்துக்குள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். பூச்சி தெரியவில்லை. ஆனாலும் பட்டாளத்துக்காரன், குளிர் ஜுரம் என்பதால், பட்டாளத்தில் பிடித்து உடம்பில் ஒளிந்துகொண்ட பழைய மலேரியாவாக இருக்கும் என்று கொய்னா மருந்து கொடுத்தார். கசப்பு நாக்கிலிருந்து போகவே போகாது. காதில் ஓயாமல் வண்டு ரீங்காரம்.

எட்டுக் கட்டில் போட்ட வார்டு. பக்கத்துக் கட்டிலில் பெருமாள் என்று ஒருவர், புளியமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். நான் மருந்தைக் குடித்து முகம் சுளிக்கும்போதெல்லாம், "என்னா மிலிட்டரி, குண்டுக்குத் தப்பிச்சவன் கொய்னாவுக்குச் செத்துருவ போலக்குதே" என்பார்.

மூன்றாம் நாள் காலை, ஒரு வயதான அம்மாள் வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மெலிந்த உடம்பு, தோளில் துணி மூட்டை.

"இங்க சின்னசாமிங்கற பட்டாளத்துக்காரன் யாரு?"

"நான்தானுங்க."

"நான் மாதுவோட அம்மா" என்றாள்.

மாது என்னோடு பட்டாளத்தில் இருந்தவன். மொரப்பூர்ப் பக்கத்தான். என்னைவிட மூன்று வயது இளையவன். ஒரே கூடாரம், ஒரே தட்டு. அந்த தேசத்திலேயே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். சர்க்கார் கடிதத்தில் நோயால் மரணம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். விவரமாக எழுதியவன் நான்தான். குளிர் தாங்காமல் ஜுரம் கண்டு இறந்தான் என்று எழுதினேன். ஊர் திரும்பியதும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டு, கரிப்புகையில் ஓடும் பஸ் பிடித்து, அவளே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் நஞ்சம்மா.

ராசம்மாவையும் குழந்தையையும் பார்த்தாள். "நீ வூட்டுக்குப் போம்மா. பச்சப் புள்ளய வெச்சிக்கிட்டு இந்த மருந்து வாடையில கெடக்காத. எனக்கு அங்க யாரு இருக்கறாங்க? நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கொல்லையில் மூன்று கல் கூட்டி எனக்கு நொய்க்கஞ்சி வைத்தவள் அவள்தான். முதுகு துடைத்தவள் அவள். எச்சில் கிண்ணம் ஏந்தியவளும் அவள்தான். பதிலுக்கு அவள் கேட்டதெல்லாம் தன் மகனைப் பற்றிய பேச்சு ஒன்றுதான். கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்பாள்.

"அங்க யாரு கூட சண்டை கண்ணு? ஜெர்மன்காரனா?"

"நாங்க போறப்போ அவன் ஓடிட்டானுங்க ஆத்தா. அப்பறம் அந்த ஊர்க்காரங்களுக்குள்ளயே சண்டை. சர்க்காரு கட்சி ஒண்ணு, மலையில இருந்து துப்பாக்கியோட எறங்கி வந்த கட்சி ஒண்ணு. எங்கள சர்க்காரு பக்கம் நிக்கச் சொன்னாங்க."

"பங்காளிச் சண்டையா?"

"அதேதான். ஒரே தெரு, ஒரே கோயிலு. மாடியில இருக்கறவன் ஒரு கட்சி, கீழ இருக்கறவன் இன்னொரு கட்சி."

"அதுக்கு நடுவுல எம் மவனுக்கு என்னா வேலை?"

என்ன வேலை என்று சொன்னேன். சண்டை என்றால் எப்போதும் சுடுவது என்று நினைக்கிறோம். எங்கள் நாள் அப்படிப் போகவில்லை. நாங்கள் இருந்தது ஒரு துறைமுகப் பட்டணத்தில், மாவுக் கிடங்கு ஒன்றில். மாது அதன் வாசலில் காவல். காலையில் டீ, பிறகு துப்பாக்கி துடைப்பது, பிறகு நிற்பது. தெருவின் அந்தக் கோடியில் படபடவென்று சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வது, சத்தம் நின்றதும் மறுபடி நிற்பது. சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் பெண்கள் ரொட்டி மாவுக்கு வரிசையில் வந்துவிடுவார்கள். எந்தக் கட்சி வீட்டுப் பெண் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மாது எல்லோரையும் "வாங்க, வாங்க" என்பான். அந்தப் பெண்களும் அவனைக் கண்டால் "வாங்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். டின் பாலைக் கொடுத்து எலுமிச்சம்பழம் வாங்கி, பிஸ்கட் டப்பாவில் உப்புப் போட்டு ஊறவைத்தான். மிளகாய் இல்லாத ஊறுகாய். அதற்கும் எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டு நஞ்சம்மா சிரித்தாள். பெருமாளும் சிரித்தார். பிறகு அவள் கேட்டாள்.

"குளிரு ரொம்ப இருந்துச்சா கண்ணு?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்.

"லீவுக்கு வந்துட்டுப் போறப்போ வூட்டுல இருந்த கம்பளிய கேட்டான். அவங்கப்பா போத்தின கம்பளி. சர்க்காரு குடுக்கும் போடான்னு சொல்லிட்டேன். குளிர் ஜுரத்துல போயிட்டான்னு உன் கடுதாசிய படிச்சிச் சொன்னாங்க. அன்னையில இருந்து நான் கம்பளி போத்தறதில்ல."

அவள் படுப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சிமெண்டுத் தரையில், முந்தானையை மட்டும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் கம்பளி அவளுடைய மூட்டையிலேயே இருந்தது. அதைத் தலைக்கு வைத்துக்கொள்வாள், விரிக்க மாட்டாள்.

ஆறாம் நாளும் ஜுரம் இறங்கவில்லை. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"நன்றாக யோசித்துச் சொல். பட்டாளத்தில் உனக்குச் சீதபேதி வந்ததுண்டா? ரத்தமும் சளியுமாகப் போனதுண்டா?"

நஞ்சம்மா என் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

அவர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் இல்லை என்றேன்.

வந்தது. எனக்கும் வந்தது, மாதுவுக்கும் வந்தது. எப்படி வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிடங்கில் என் வேலை தண்ணீர். பட்டணத்தில் குழாய் நின்றுபோயிருந்தது. லாரியில் வரும் தண்ணீரைப் பெரிய துணித்தொட்டியில் ஊற்றி, அளவு கரண்டியால் பூச்சி கொல்லும் வெள்ளைத்தூள் போட்டுக் கலக்கி, அரைமணி நேரம் வைத்திருந்து, பிறகுதான் ஆட்களுக்கு விட வேண்டும். தூள் போடாத தண்ணீர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று எல்லோரையும் அதட்டுகிறவன் நான்தான். வாடை தாங்காமல் என்னைத் திட்டாத ஆள் இல்லை.

கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன மாதாகோயில். அதற்குள் பத்துப் படி இறங்கினால் பாறையில் ஊற்று. அதை அந்த ஊர்க்காரர்கள் தீர்த்தமாகக் கும்பிட்டார்கள். கறுப்புத் துணி உடுத்திய ஒரு கிழவி தகரக் குவளையில் மொண்டு கொடுப்பாள். இரண்டு கட்சி ஆட்களும் அங்கே வருவார்கள், துப்பாக்கியை வாசலில் சாத்திவிட்டு இறங்குவார்கள். நான் கோயில் மிதித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மார்கழி பிறந்துவிட்டதென்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். அன்று காலை பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாறையின் குளிர் உள்ளங்காலில் ஏறியதும் எங்கள் பக்கத்துத் தீர்த்தமலைக் கோயிலில் நிற்பது போலவே இருந்தது, அழுகை வந்துவிட்டது. எந்தச் சாமியானால் என்ன என்று கையேந்திக் குடித்தேன். என் பாட்டிலில் இருந்த மருந்துத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அதில் தீர்த்தம் பிடித்து மாதுவுக்குக் கொண்டுபோனேன்.

அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். வாடை இல்லை.

"தூள் போட்டியா அண்ணா?"

"தீர்த்தத்துக்கு யாராவது தூள் போடுவாங்களாடா? கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடி."

குடித்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு பேரும் படுத்தோம். எனக்குக் கொஞ்சமாக, அவனுக்கு மிகுதியாக. பட்டாளத்து ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்த நேரம் பார்த்து பாலத்தின் இந்தக் கோடியில் ஒரு கட்சியும் அந்தக் கோடியில் ஒரு கட்சியும் நின்றுகொண்டு சுட்டார்கள். நான்கு நாள் வண்டி போகவில்லை. நான்காம் நாள் மாவு மூட்டைகளுக்கு நடுவில் அவன் உயிர் போயிற்று. விறகு கிடைக்காமல், உடைந்த மேசை நாற்காலிகளை அடுக்கித்தான் எரித்தோம். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நான் கொள்ளி வைத்தேன்.

சீதபேதி என்று எழுதினால் எந்தத் தண்ணீர் என்று கேட்பார்கள். அதனால்தான் குளிர் ஜுரம் என்று எழுதினேன். எனக்கு ஊசி போட்டு நின்றது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் மறுபடி இரண்டு முறை ரத்தம் போயிற்று. சொன்னால் ஊருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள் என்று அதையும் மறைத்தேன்.

டாக்டரிடம் பொய் சொன்ன பிறகு என் உடம்பு சரசரவென்று இறங்கியது. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி இறங்கும். வலப்பக்கம் புரள முடியாது. நான் போய்விட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு ராசம்மா என்ன செய்வாள் என்று நினைப்பேன். உடனே கட்டிலுக்குக் கீழே போர்வை இல்லாமல் படுத்திருக்கிறவள் நினைவு வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து என் வாயில்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ராசம்மா வந்தாள். குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, எனக்காகத் தீர்த்தமலை ஏறிவிட்டு நேராக வந்திருந்தாள். கால் வெடிப்பெல்லாம் மண். துணி கட்டிய சொம்பை இடுப்பிலிருந்து இறக்கி, "ஏங்க, ஒரு வாய் குடிங்க. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாம கொண்டாந்தேன்" என்று என் வாயருகே சாய்த்தாள்.

என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. கையைத் தட்டிவிட்டேன். சொம்பு உருண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ராசம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நஞ்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி தண்ணியத் தட்டி வுடறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? அந்தப் பொண்ணு காலப் பாருடா."

"ஆத்தா, சாமி தண்ணின்னு சொல்லித்தான் மாதுவுக்குக் குடுத்தேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. தூள், ஊற்று, பாட்டில், அவன் கேட்டது, நான் சொன்னது எல்லாம் வந்துவிட்டது.

"நீயும் குடிச்சியா?" என்றாள் நஞ்சம்மா.

"மொதல்ல குடிச்சவன் நான்தான்."

"அப்ப குளிரு?"

"குளிரு இருந்துச்சு ஆத்தா. அதுனால சாகல. அவனுக்கு ரெண்டு கம்பளி குடுத்திருந்தாங்க. ரெண்டும் அவன் மேலதான் இருந்துச்சு."

அவள் எழுந்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டு, தண்ணீரை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வெளியே போனாள்.

ராசம்மா ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலது விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தம் வேப்பமரத்தடி வரைக்கும் கேட்டதாம். சீதபேதிப் பூச்சி குடலோடு நிற்பதில்லை, ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குப் போய், மாதக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு அங்கே சீழ்க்கட்டி வைக்கும் என்று விளக்கினார். மேலே உடைந்தால் நெஞ்சுக்குள், கீழே உடைந்தால் வயிற்றுக்குள். இரண்டில் எது என்றாலும் ஆள் தங்க மாட்டான். தோள் வலியும் அதனால் வருவதுதானாம்.

"அந்தத் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதப்பா. ஈ உட்கார்ந்த ரொட்டியாகவும் இருக்கலாம்" என்றார். நல்ல மனசு. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொள்ளவில்லை.

தினம் ஓர் ஊசி. அந்த மருந்து இதயத்தைத் தளரவைக்குமாம், அதனால் எழுந்து உட்காரவே கூடாது. குமட்டல் ஓயாது. ராசம்மா என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொம்பின் அடியில் தங்கியிருந்த கொஞ்சம் தீர்த்தத்தை என் தலையில் தெளித்தாள். இனிமேல் குடிப்பதானால் காய்ச்சிக் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். "காய்ச்சினால் சாமி கோபித்துக்கொள்ளாதம்மா" என்றார்.

நான்காம் ஊசியன்று சீழை எடுக்க நாள் வைத்தார்கள். காலையில் கண் திறந்தபோது நஞ்சம்மா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போயிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"தண்ணி குடுத்தது தெரியாம செஞ்சது" என்றாள். "நீயும்தான் குடிச்ச. அதுல உன்ன நான் என்னா கேக்கறது? ஆனா குளிருன்னு எழுதுனது தெரிஞ்சு செஞ்சது. ஒரு வருசத்துக்கு மேல நான் என்னையே சபிச்சிக்கிட்டுக் கெடந்தேன். உன் பாரத்த என் தலையில தூக்கி வெச்சிட்டியே."

டாக்டர் வந்தார். ஊசி இறங்கும் இடம் மட்டும் மரக்க மருந்து குத்தி, பிறகு கோணி ஊசி பருமனில் ஒரு நீள ஊசியை விலாவுக்கு நடுவில் இறக்கினார். அசைந்தால் கல்லீரல் கிழியும் என்று சொல்லியிருந்தார்கள். கம்பவுண்டர் தோளைப் பிடித்தார். காலைப் பிடிக்க ராசம்மா வந்தாள். நஞ்சம்மா அவளை நகர்த்திவிட்டு, என் இரண்டு காலையும் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் முருகா முருகா என்றேன். சீழைப் பெரிய குழாய் குழாயாக இழுத்துப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். நாற்றமே இல்லை. காப்பி வண்டல் நிறம்.

"மிலிட்டரி வயித்துக்குள்ள ஓட்டலு வெச்சிருக்கான்யா" என்றார் பெருமாள்.

அன்று சாயங்காலம் குளிர் எடுக்கவில்லை. பல நாளுக்குப் பிறகு வலப்பக்கம் புரண்டு படுத்தேன். ஒரு வாரத்தில் இன்னொரு முறை எடுத்தார்கள், கொஞ்சம்தான் வந்தது. பிறகு பசி வந்தது.

நஞ்சம்மா போகவில்லை. கஞ்சி வைத்தாள், முதுகு துடைத்தாள். ஆனால் பேச்சு இல்லை. "திரும்பு", "குடி", அவ்வளவுதான். கம்பளியை விரித்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாளுக்கு முந்தின நாள், மடியிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, விரல் அழுக்கு ஏறியிருந்தது. அதை நான்காகக் கிழித்தாள்.

"வேற எழுதிக் குடு. நடந்தது நடந்தபடி."

கம்பவுண்டரிடம் பென்சிலும் நோட்டுத் தாளும் வாங்கினேன். மத்தியானம் முழுக்க எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வாங்க வாங்கன்னு சொல்லுவான்னியே, அதக் காணமே."

எழுதினேன்.

"தூள் போட்டியான்னு அவன் கேட்டான்ல? அத எழுது. எம் மவன் விவரம் கெட்டவன் இல்ல."

எழுதினேன். மேசை நாற்காலி அடுக்கி எரித்ததைப் படித்தபோது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "கொள்ளி நீ வெச்சதா?" என்றாள். ஆமாம் என்றேன். "படி" என்றாள்.

கடைசி வரியாக, அறியாமல் செய்ததையும் அறிந்து செய்ததையும் நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"அத எடு."

"ஆத்தா..."

"அது அவன் சமாச்சாரம் இல்ல கண்ணு, உன் சமாச்சாரம். அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

பென்சிலால் அந்த வரியை அடித்தேன். தாளை வாங்கி, எழுத்துத் தெரியாத அவள், அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சது தெரியுது. இந்தத் தாளு வேணாம். வேறதுல எழுது."

வேறு தாள் எடுத்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன்.